டிசம்பரில் ஜெயித்த படம் மார்ச்சில் ஜெயிக்குமா? ஆஸ்கர் சீசனைப் புதிதாகப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஏழு நாள்களுக்குள் அமெரிக்காவில் நான்கு விருதுகள் அறிவிக்கப்பட்டன. 2ஆம் தேதி கோத்தம் விருதில் சிறந்த படமாக ‘எ டிஃபரன்ட் மேன்’ வென்றது. மறுநாள் நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் ‘தி புரூட்டலிஸ்ட்’ படத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்கும் மறுநாள் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ ‘விக்கட்’ என்றது. 8ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம் ‘அனோரா’ என்றது. குழுவுக்கு ஒரு படம். மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச் 2 அன்று ஆஸ்கரில் சிறந்த படமாக வென்றது ‘அனோரா’.

அப்படியானால் லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்கு மட்டும் ஜோசியம் தெரியுமா? இல்லை. மற்ற மூன்றும் வீண் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் இல்லை. சீசனின் தொடக்கத்தில் வரும் விருதுகள் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வந்தவை அல்ல. பத்தாயிரம் பேர் அளவில் உள்ள ஆஸ்கர் வாக்காளர்கள், வீட்டில் குவியும் நூற்றுக்கணக்கான படங்களில் எவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையை அவை மாற்றுகின்றன. யார் ஜெயிப்பார் என்ற துப்பு வேறு இடத்திலிருந்து, கொஞ்சம் தாமதமாக வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் சீசன் பாதி புரிந்துவிடும்.

முதல் படி: நாள்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மே மாதம் கான் விழா. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் வெனிஸ், டெலுரைட், டொராண்டோ. டிசம்பரில் விமர்சகர் விருதுகள். ஜனவரி தொடக்கத்தில் கோல்டன் குளோப். அதையொட்டி ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்கெடுப்பு. பிறகு திரைத் தொழில் சங்கங்களின் விருதுகள், பிரிட்டனின் பாஃப்டா, ஆஸ்கர் இறுதி வாக்கெடுப்பு. மார்ச்சில் விழா. வருடத்துக்கு வருடம் தேதிகள் நகரும் என்றாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

விழா விருதுகளை அளவோடு நம்புங்கள். கானின் தங்கப் பனை விருதையும் ஆஸ்கர் சிறந்த பட விருதையும் சேர்த்து வென்றவை ‘மார்ட்டி’, ‘பாரசைட்’, ‘அனோரா’ ஆகிய மூன்றே படங்கள். கானில் தேர்ந்தெடுப்பது ஒரு சிறிய ஜூரி. பத்துப் பேருக்குள் ஒத்துப்போனால் முடிந்தது கதை. டொராண்டோவில் பார்வையாளர்களே ஓட்டுப் போடுகிறார்கள், அதனால் அந்த விருதுக்கு வேறு மதிப்பு. 2012 முதல் 2023 வரை அங்கே மக்கள் விருது பெற்ற ஒவ்வொரு படமும் ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஆஸ்கரை வென்றவை ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’, ‘கிரீன் புக்’, ‘நோமேட்லாண்ட்’ ஆகிய மூன்றுதான். 2024இல் அந்தத் தொடர் அறுந்தது. அந்த ஆண்டு வென்ற ‘தி லைஃப் ஆஃப் சக்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததே 2025இல்தான், ஆகவே அந்தப் போட்டியிலேயே அது இல்லை. இப்படி வெளியீட்டுத் தேதி காரணமாக ஒரு படம் காணாமல் போவது அடிக்கடி நடக்கும். ஒரு படத்தைப் பட்டியலில் சேர்க்கும் முன் அது எந்த ஆண்டுக் கணக்கில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு விருதுக்கும் யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஆஸ்கர் வழங்கும் அகாடமியில் நடிகர்கள், இயக்குநர்கள், எழுத்தாளர்கள், படத்தொகுப்பாளர்கள், ஒலிக் கலைஞர்கள் என்று தொழில்வாரியாகக் கிளைகள் உண்டு. விமர்சகர்களுக்குக் கிளை கிடையாது. நியூயார்க் வட்டத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் சங்கத்திலும் இருப்பவர்கள் முழுக்க விமர்சகர்கள். நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூவில் சினிமா ஆர்வலர்கள், கல்வித் துறையினர் எனக் கலவையாக இருப்பார்கள். கோத்தமில் சிறு சிறு குழுக்கள் முடிவெடுக்கின்றன. கோல்டன் குளோபில் பல நாடுகளைச் சேர்ந்த பொழுதுபோக்குப் பத்திரிகையாளர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்கரில் ஓட்டே இல்லை. அப்புறம் எப்படி இவர்களின் முடிவு ஆஸ்கரைக் காட்டிக்கொடுக்கும்?

சங்க விருதுகள் வேறு. பிஜிஏ என்று சொல்லப்படும் தயாரிப்பாளர் சங்கம், டிஜிஏ எனப்படும் இயக்குநர் சங்கம், எஸ்ஏஜி எனப்படும் நடிகர் சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் உறுப்பினர்கள். அதே ஆள், அதே ரசனை, சில வார இடைவெளியில் இரண்டு வாக்குச்சீட்டு. பாஃப்டாவிலும் இப்படி இரண்டு பக்கமும் ஓட்டு உள்ளவர்கள் கணிசமாக உண்டு.

இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது 2010-11 சீசனில். ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்கு நேஷனல் போர்டு, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தேசிய விமர்சகர் சங்கம் எல்லாமே சிறந்த பட விருதைக் கொடுத்தன. கோல்டன் குளோபும் அதற்கே. ஜனவரி நடுவில் போட்டி முடிந்துவிட்டது என்றே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 22 அன்று பிஜிஏ விருது ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்துக்குப் போனது. அடுத்த வாரத்துக்குள் இயக்குநர் சங்கமும் நடிகர் சங்கமும் அதே பக்கம் சாய்ந்தன. பிப்ரவரியில் ஆஸ்கரும் அப்படியே. விமர்சகர்கள் மனம் மாறவில்லை, வாக்காளர்களும் மனம் மாறவில்லை. முதலில் ஒரு கூட்டம் பேசியது, பிறகு வேறொரு கூட்டம் பேசியது, அவ்வளவுதான். 1997இல் ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ இதே நான்கு விமர்சகர் விருதுகளையும் வாரிக்கொண்டு, ஆஸ்கரில் ‘டைட்டானிக்’கிடம் தோற்றதும் இதே கதைதான்.

மூன்றாம் படி: ஆரம்ப விருது உண்மையிலேயே என்ன செய்கிறது என்று பாருங்கள்

‘அப்படியானால் டிசம்பரை விட்டுவிட்டு நேராக பிப்ரவரிக்குப் போய்விடலாமே’ என்று தோன்றும். வேண்டாம். சிறந்த படத்துக்கான பத்துப் படப் பட்டியல், நடிப்புக்கான ஐந்து பேர் பட்டியல் இவற்றில் யார் நுழைகிறார் என்பதில் ஆரம்ப விருதுகளுக்கு நிஜமான பங்கு உண்டு. அங்கே தேதிதான் எல்லாம்.

2025இல் கோல்டன் குளோப் விழா ஜனவரி 5. ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்கெடுப்பு தொடங்கியது ஜனவரி 8. இந்த மூன்று நாள் இடைவெளியில் நடந்ததைப் பாருங்கள். பிரேசில் படமான ‘ஐ’ம் ஸ்டில் ஹியர்’ படத்துக்காக ஃபெர்னாண்டா டோரஸ் நாடகப் பிரிவில் சிறந்த நடிகை விருது பெற்றார். ஹாலிவுட் பெரிய பெயர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த பிரிவு அது. அதுவரை அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்காத வாக்காளர்கள் அந்த வாரம் பார்த்திருப்பார்கள். நடிகர் சங்கமும் பாஃப்டாவும் டோரஸைப் பரிந்துரைக்கவில்லை. அகாடமி பரிந்துரைத்தது. அதோடு நிற்காமல் சிறந்த படப் பட்டியலிலும் அந்தப் படம் வந்தது. பலருக்கு அது ஆச்சரியம். கடைசியில் சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரை பிரேசிலுக்கு வாங்கிக் கொடுத்தது. ஓர் ஆரம்ப விருதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 2022 டிசம்பரில் நியூயார்க் விமர்சகர் வட்டம் சிறந்த இயக்குநராக ‘ஆர்ஆர்ஆர்’ படத்தின் எஸ்.எஸ். ராஜமவுலியைத் தேர்ந்தெடுத்தது. 2023 ஜனவரி 10 அன்று ‘நாட்டு நாட்டு’ பாடலுக்குக் கோல்டன் குளோப். ஜனவரி 12 அன்று ஆஸ்கர் பரிந்துரை வாக்கெடுப்பு தொடக்கம். அப்புறம் பாடல் மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராஜமவுலிக்கு இயக்குநர் பரிந்துரை வரவில்லை. விமர்சகர்கள் ரசித்த அளவுக்கு அகாடமியின் இயக்குநர் கிளை ரசிக்கவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும். சர்வதேசப் படப் பிரிவில் அது போட்டியிடவே முடியாது. அந்தப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். இந்தியா அந்த ஆண்டு அனுப்பியது ‘செல்லோ ஷோ’ என்ற குஜராத்திப் படம்.

இந்த ‘ஒரு நாடு, ஒரு படம்’ விதி ஆரம்ப விருதுகளை அடியோடு செல்லாக்காசாக்கும் இடம். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ 2024இல் கானில் கிராண்ட் பிரி வாங்கியது. டிசம்பரில் கோத்தம், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மூன்றும் வெளிநாட்டுப் படத்துக்கான விருதை அதற்கே கொடுத்தன. இந்தியா அனுப்பியதோ ‘லாபத்தா லேடீஸ்’. கபாடியா படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை எதுவுமே கிடைக்கவில்லை. அனுப்பப்பட்டாலும் உத்தரவாதம் ஒன்றும் கிடையாது: பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாகவும் போய், பரிந்துரைக்கு முன் வரும் பதினைந்து படக் குறும்பட்டியலில் இடம்பெறாமல் நின்றுவிட்டது. ஆகவே இந்தப் பிரிவைக் கணிக்க நினைப்பவர்கள் விருதுப் பட்டியலைப் பார்க்கும் முன் அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்ட படங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

விமர்சகர்கள் எவ்வளவு கத்தினாலும் கதவு திறக்காத சமயமும் உண்டு. 2018இல் ‘ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்’ படத்துக்காக ஈதன் ஹாக் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தேசிய விமர்சகர் சங்கம், கோத்தம் நான்கையும் வென்றார். ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை. சின்னப் படம், கோடையிலேயே வந்து போய்விட்டது. மாறாக, 2023இல் ஆண்ட்ரியா ரைஸ்பரோ பெரிய ஆரம்ப விருது எதுவும் வாங்காமல், ‘டு லெஸ்லி’ என்ற, திரையரங்கில் 27,000 டாலர் அளவில் மட்டுமே வசூலித்த படத்துக்காகப் பரிந்துரை பெற்றார். சக நடிகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே அந்தப் படத்தைப் பார்க்க வைத்தார்கள். அந்தப் பிரசாரம் விதிக்கு உட்பட்டதா என்று அகாடமி விசாரிக்கும் அளவுக்குப் போனது, பரிந்துரை ரத்தாகவில்லை.

நான்காம் படி: பிஜிஏ நாளுக்காகக் காத்திருங்கள்

சிறந்த படத்துக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல துப்பு தயாரிப்பாளர் சங்க விருது. 2010 முதல் 2025 வரையிலான பதினாறு ஆஸ்கர் விழாக்களில் அது மூன்று முறைதான் தவறியது: ‘தி பிக் ஷார்ட்’ என்றது, ‘ஸ்பாட்லைட்’ வந்தது, ‘லா லா லாண்ட்’ என்றது, ‘மூன்லைட்’ வந்தது, ‘1917’ என்றது, ‘பாரசைட்’ வந்தது. இடையில் ஓர் ஆண்டு இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது, அதில் ஒன்று ஆஸ்கரை வென்றது.

ஏன் இவ்வளவு நெருக்கம்? ஆள்கள் பொதுவானவர்கள் என்பது ஒன்று. எண்ணும் முறையும் ஒன்று என்பது இன்னொன்று. ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு மட்டும் வாக்காளர்கள் பத்துப் படங்களையும் வரிசைப்படுத்துகிறார்கள். முதல் இடத்து ஓட்டுகளில் எதுவும் பாதியைத் தாண்டவில்லை என்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதன் சீட்டுகளை அவற்றில் அடுத்ததாக எழுதியிருக்கும் படத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு எண்ணுவதும் இதே விருப்ப வரிசை முறைதான்; 1969இல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப ஓட்டில் ஜெயித்தது பழைய ஆள்களுக்கு நினைவிருக்கும். பிஜிஏவும் இந்த முறைக்கு மாறியது அகாடமி மாறிய அதே சமயத்தில்தான்.

இதனால் என்ன ஆகிறது என்றால், கொஞ்சம் பேர் உயிரையே விடும் படத்தைவிட, நிறையப் பேர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதும் படத்துக்கு வசதி. விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் வகையைக் கொண்டாடுவார்கள். 2022இல் ‘தி பவர் ஆஃப் தி டாக்’ பன்னிரண்டு பரிந்துரைகளோடு, குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் (விமர்சகர்கள் தரும் இன்னொரு விருது), பாஃப்டா எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தது. மூன்றே பரிந்துரைகளோடு வந்த ‘கோடா’ பிப்ரவரி 27இல் நடிகர் சங்க விருதையும் மார்ச் 19இல் பிஜிஏவையும் எடுத்தது. இறுதி வாக்கெடுப்பு மார்ச் 17 முதல் 22 வரை. ஆஸ்கரில் ‘கோடா’ தன் மூன்று பரிந்துரைகளையும் விருதாக்கியது, சிறந்த படம் உட்பட. மற்றது இயக்குநர் விருதோடு திரும்பியது.

இப்போது ‘அனோரா’வுக்கு வருவோம். குளோபில் ஐந்து பரிந்துரை, ஒரு விருதுகூட இல்லை. அங்கே நாடகப் பிரிவில் வென்றது ‘தி புரூட்டலிஸ்ட்’, நகைச்சுவை-இசைப் பிரிவில் ‘எமிலியா பெரெஸ்’. ஜனவரியில் ‘அனோரா’வின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் நிறைய. பிப்ரவரி 7 கிரிட்டிக்ஸ் சாய்ஸ், 8ஆம் தேதி ஒரே இரவில் பிஜிஏவும் டிஜிஏவும். அதற்குப் பிறகு சந்தேகப்பட அதிகம் இல்லை, பாஃப்டாவிலும் நடிகர் சங்கத்திலும் ‘கான்க்ளேவ்’ வென்றபோதும்.

ஐந்தாம் படி: பிரிவுக்குப் பிரிவு வேறு கணக்கு

*இயக்குநர்.* எளிது. டிஜிஏ வென்றவரை எழுதிவிடுங்கள். 1948இல் தொடங்கிய அந்த விருது, 2025 வரை எட்டு முறைதான் ஆஸ்கரோடு ஒத்துப்போகவில்லை. அதில் ஒன்றில் டிஜிஏ வென்ற பென் ஆஃப்லெக்குக்கு ஆஸ்கர் பரிந்துரையே கிடைக்கவில்லை.

*துணை நடிப்பு.* ஆரம்ப விருதுகள் அப்படியே கடைசி வரை ஓடுவது இங்கேதான் அதிகம். டாவைன் ஜாய் ராண்டால்ஃப், கீரன் கல்கின் இருவரும் டிசம்பர் விமர்சகர் விருதுகளில் தொடங்கி குளோப், நடிகர் சங்கம், பாஃப்டா, ஆஸ்கர் என்று ஒன்றையும் விடவில்லை. ரெஜினா கிங்கை 2019இல் நடிகர் சங்கமும் பாஃப்டாவும் பரிந்துரைக்காமல் விட்டும் அவர் ஜெயித்தார். அங்கே விமர்சகர்களின் ஆதரவு தாங்கிப் பிடித்தது.

*முதன்மை நடிப்பு.* தடுமாறுவது இங்கேதான். டெமி மூர் 2025 குளோபில், முப்பது வருடம் முன்பு ஒரு தயாரிப்பாளர் தன்னைப் ‘பாப்கார்ன் நடிகை’ என்று சொன்னதை நினைவுகூர்ந்து பேசிய பேச்சு எல்லோரையும் கவர்ந்தது. கிரிட்டிக்ஸ் சாய்ஸ், நடிகர் சங்கம் இரண்டும் அவருக்கே. ஆஸ்கர் ‘அனோரா’ நாயகி மைக்கி மேடிசனுக்கு. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆஸ்கர் இறுதி வாக்கெடுப்பு பிப்ரவரி 11 முதல் 18. மேடிசன் பாஃப்டா வென்றது 16, வாக்கெடுப்பின் நடுவில். மூர் நடிகர் சங்க விருது பெற்றது 23, எல்லாச் சீட்டும் போட்டு முடிந்த பிறகு. ஒலிவியா கோல்மனும் ஆண்டனி ஹாப்கின்ஸும் மற்றவர்கள் முன்னணியில் இருந்தபோது ஜெயித்ததும் பாஃப்டாவைக் கையில் வைத்துக்கொண்டுதான். நடிப்புப் பிரிவில் குளோபும் பாஃப்டாவும் வேறு வேறு ஆளைக் காட்டினால் என் ஓட்டு பாஃப்டாவுக்கு.

*திரைக்கதை.* எழுத்தாளர் சங்க விருதை மட்டும் நம்பாதீர்கள். சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே எழுதப்பட்ட படங்கள் அங்கே போட்டியிட முடியாது. டாரன்டினோ சங்க உறுப்பினர் இல்லை என்பதால் ‘ஜாங்கோ அன்செயின்டு’ அங்கே தகுதி பெறவில்லை, ஆஸ்கர் அதற்குத்தான்.

*இசையும் பாடலும்.* 2009 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பின்னணி இசைக்குக் குளோப் வாங்கினார். பாடல் பிரிவில் ‘ஜெய் ஹோ’ குளோபில் பரிந்துரைக்கப்படவே இல்லை. அங்கே பாடலுக்கு வென்றது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘தி ரெஸ்லர்’. அதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை. ஆஸ்கர் ‘ஜெய் ஹோ’வுக்கு. ஆஸ்கரில் இசையைப் பரிந்துரைப்பது இசைக் கிளை, குளோபில் பத்திரிகையாளர்கள். முதலில் டிசம்பரில் வரும் பதினைந்து பாடல் குறும்பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லாத பாடலுக்காக மனம் உடைவது வீண்.

ஆறாம் படி: ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

பெரிய மென்பொருள் எல்லாம் வேண்டாம். இடப்பக்கம் படங்களின் பெயர், மேலே விருதுகளின் பெயர், ஒவ்வொரு விருதுக்கும் கீழே தேதி. வென்றால் ஒரு குறி, பரிந்துரை மட்டும் என்றால் வேறு குறி. ஆஸ்கரின் இரண்டு வாக்கெடுப்பும் தொடங்கி முடியும் தேதிகளைச் சிவப்பில் எழுதிவிடுங்கள். மொத்தம் எத்தனை விருது என்று மட்டும் கூட்டாதீர்கள். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு விமர்சகர் சங்கம் இருக்கிறது. அந்த எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் ஒரே பேச்சின் எதிரொலி. தயாரிப்பு நிறுவனங்கள் விளம்பரத்தில் போடுவதும் அந்த எண்ணிக்கையைத்தான்.

பரிந்துரை எண்ணிக்கையும் அப்படித்தான் ஏமாற்றும். ‘எமிலியா பெரெஸ்’ பதின்மூன்று பரிந்துரை பெற்று இரண்டை வென்றது. அதன் நாயகியின் பழைய சமூக ஊடகப் பதிவுகள் ஜனவரி கடைசியில் வெளியே வந்து படத்தையே புரட்டிப் போட்டன. அது எந்த அட்டவணையிலும் முன்கூட்டியே தெரியாது, ஆகவே ‘செய்தி’ என்று ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கிவைப்பது நல்லது.

ஒரு புது விதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 98ஆவது ஆஸ்கரிலிருந்து, ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே பெயரை வைத்து ஓட்டுப் போடுவதைத் தடுக்கத்தான். நடைமுறையில் இது பரிந்துரைக் கட்டத்தின் முக்கியத்துவத்தைக் கூட்டும் என்று நினைக்கிறேன். உள்ளே நுழைந்துவிட்ட சின்னப் படத்தைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும் அல்லவா. டிசம்பர் விருதுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை.

அப்புறம் விழா நாள். அங்கே ஞாயிறு மாலை என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் திங்கள் அதிகாலை. 2024இல் நாலரைக்கு ஆரம்பித்தது, 2025இல் ஐந்தரைக்கு. அமெரிக்கக் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளப்படுவதுதான் காரணம். அதற்கு முன் விழா வந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். முதன்மை நடிப்பு, இயக்கம், சிறந்த படம் எல்லாம் கடைசியில்தான் வரும். அலுவலகம் போகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி அலாரம் வைத்துக்கொள்ளலாம்.